கடற்பாறைக்கும் தடைக்காலம் உண்டு: பிஎம்சியின் 'ராட்' சேவை, மூன்று வருட அனுபவம்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி காரைக்குடி மீன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுப் பாதிப் பையோடு திரும்பி வந்தான். "அக்கா, சீலா இல்ல. தடைக்காலம்ல. நாட்டுப்படகுல வந்த நண்டும் கொஞ்சம் சின்ன மீனும்தான் கெடச்சுது" என்றான். அம்மா சலித்துக்கொள்ளவில்லை, பையை வாங்கி ஆயப் போய்விட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது தொண்டிக்காரர்களுக்கு மட்டுமல்ல, ஐம்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிற எங்களுக்கும் மனப்பாடம். மீன் இனப்பெருக்கம் செய்கிற நேரம். அது முடிந்தால் படகு போகும், மீன் வரும்.

சாப்பிடும்போது அம்மா கேட்டார்: "ஏத்தா, நீ அங்கிட்டுக் கயித்தக் கட்டிப் பாறையில ஏறுவியே, லீவு முடிஞ்சு போனதும் ஏறுவியா?"

"கடலோரத்துல நான் போற சுவர்ல இப்ப ஏற முடியாதும்மா. அங்கயும் தடைக்காலம்தான். ஜூலை 31 வரைக்கும்."

"பாறையில என்னத்தா முட்ட போடுது?"

"பறவைம்மா" என்று போனை எடுத்துக் காட்டினேன். அப்போது காட்டியது 'ராட்', எந்தப் பாறையில் எப்போது ஏறக் கூடாது என்று சொல்கிற பிரிட்டன் பட்டியல். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது பாறையேற்றத்துக்குப் போகிறார்கள். அவர்களுக்கு உதவும். ஊரில் மலை, குன்று என்று சுற்றுகிறவர்களுக்கும் இதில் பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

நான் நர்ஸ். வடக்கு வேல்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. பாறையேற்றம் அங்கே போய்த்தான் பழகினேன், என் வார்டில் இருக்கிற இரண்டு சீனியர் நர்ஸுகளோடு. ஆங்கிள்சி தீவின் மேற்கு முனையில், டப்ளினுக்குக் கப்பல் போகிற ஹோலிஹெட் துறைமுகத்தைத் தாண்டி, சவுத் ஸ்டாக் என்று ஓர் இடம். 1809ல் விளக்கேற்றிய கலங்கரை விளக்கம் ஒரு சின்னத் தீவுப் பாறையில் நிற்கும், அதற்கு இறங்கிப் போக நானூறுக்கு மேல் படிகள். அதை ஒட்டிய செங்குத்துப் பாறைச் சுவர்கள் பிரிட்டனில் பாறையேறுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. மேலேயிருந்து கயிற்றில் இறங்கி, கீழே அலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் கால் ஊன்றி, அங்கிருந்து திரும்ப மேலே ஏறி வர வேண்டும்.

முதல் வருடம் ஜூன் மாதம் ஒரு தப்பு செய்தோம். எந்தச் சுவர் என்று சொல்லத் தேவையில்லை, அந்தக் கரையில்தான். கையில் இருந்தது பழைய புத்தகங்கள் விற்கிற கடையில் வாங்கிய ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகம். அதில் பறவைகளைப் பற்றி ஏதோ ஒரு வரி இருந்திருக்கும், நாங்கள் பார்க்கவில்லை. சீனியர் முதலில் இறங்கினார், அடுத்து நான். பத்துப் பன்னிரண்டு மீட்டர் இறங்கியிருப்பேன். வலது பக்கத் திட்டு ஒன்றிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் கிளம்பியது. கில்லமாட் என்கிற கடற்பறவை. அது கூடு கட்டாது. வெறும் பாறைத் திட்டில் ஒரே ஒரு முட்டை இட்டுக் காலோடு அணைத்துக்கொண்டு நிற்கும். முட்டை ஒரு பக்கம் கூம்பியிருப்பதால் சட்டென்று உருளாது என்பார்கள். ஆனால் தாய் பயந்து ஒரே உதறலாக எழும்பினால் எந்த வடிவம் காப்பாற்றும்? ஒரு முட்டை விளிம்புக்கு வந்து, நின்று, விழுந்தது. அலைச் சத்தத்தில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. காலியான திட்டுக்குக் கடற்காகம் ஒன்று உடனே வந்து உட்கார்ந்தது.

மேலே தொலைநோக்கியோடு நின்ற ஒரு பெரியவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஏறி வந்தோம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தன் போனை எடுத்து, "அடுத்த தடவை வீட்டிலேயே இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று காட்டினார். அதுதான் ராட்.

ரீஜனல் ஆக்சஸ் டேட்டாபேஸ் என்பதன் சுருக்கம் ராட். நடத்துவது பிஎம்சி, அதாவது பிரிட்டிஷ் மவுண்டனியரிங் கவுன்சில், 1944ல் தொடங்கிய பாறையேறிகள், மலையேறிகள் சங்கம். இணையதளமாகவும் போன் செயலியாகவும் இருக்கிறது. காசு கிடையாது, சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் கிடையாது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் இருக்கிற ஏறுபாறைகளின் பெயரைப் போட்டுத் தேடலாம், வரைபடத்திலும் தொட்டுப் பார்க்கலாம். எந்தப் பாறைக்குத் தடை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதற்காக, சுவரின் எந்தப் பகுதிக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். எங்கே வண்டி நிறுத்துவது, எந்தப் பாதையில் போனால் நிலத்துக்காரருக்குத் தொந்தரவு இல்லை என்பதும் பல இடங்களுக்கு இருக்கும்.

இவ்வளவுதான் சேவை. கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரித்தான் இருக்கும். எனக்கு இதில் பிடித்தது அந்தத் தேதியும் காரணமும்தான்.

சவுத் ஸ்டாக் பக்கம் சில சுவர்களுக்குப் பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஏன் ஜூலை 31? கில்லமாட் குஞ்சு பிறந்து மூன்று வாரத்தில், சிறகு முழுதாக முளைக்கும் முன்பே, திட்டிலிருந்து கடலில் குதித்துவிடும். அப்பன் பறவை கீழே தண்ணீரில் இருந்து கூப்பிடும், குஞ்சு குதிக்கும், இரண்டும் நீந்திக் கடலுக்குள் போய்விடும். ஜூலை முடிவதற்குள் திட்டுகள் காலியாகிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் ஆள் ஏறினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே ஆகஸ்ட் 1 காலையில் கயிறு போடலாம். இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தத் தேதி யாரோ அதிகாரி மேஜையில் உட்கார்ந்து போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பறவை போட்ட தேதி அது.

இன்னொன்று, தடை என்றால் மொத்தக் கடற்கரைக்கும் தடை இல்லை. பறவை இருக்கிற சுவருக்கு மட்டும். நாங்கள் மே, ஜூன் மாதங்களில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஹோலிஹெட் மலையில் இருக்கிற பாறைக்குப் போவோம். ஏற வேண்டும் என்கிற கை அரிப்பும் தீரும், பறவையும் நிம்மதியாக இருக்கும்.

வல்லூறு இருக்கிற இடங்களில் இது இன்னும் நுணுக்கம். பெரிகிரின் வல்லூறு ஒரே சுவரில் வருடத்துக்கு வருடம் வேறு வேறு திட்டில் முட்டையிடும், சில வருடம் வராமலே போகும். ஆகவே அந்த மாதிரி பாறைகளுக்கு ஒரு தேதியைப் போட்டு வைத்துவிட்டு, பறவை எங்கே உட்கார்ந்தது என்று ஆள் போய்ப் பார்த்து, இல்லையென்றால் தடையை முன்னாலேயே எடுத்துவிடுவார்கள். குஞ்சுகள் சீக்கிரம் பறந்துவிட்டாலும் எடுப்பார்கள். பார்த்துச் சொல்வதில் பெரும் பங்கு தன்னார்வலர்களுடையது, அவர்களும் பாறையேறிகள்தான். ஒரு தடையைத் தேவையில்லாதபோது உடனே எடுக்கிறார்கள் என்றால், மற்ற நேரத்தில் அது இருக்கும்போது நம்புவோம் இல்லையா? எனக்கு அப்படித்தான்.

சட்டமும் பின்னால் இருக்கிறது. 1981ம் வருட வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தில் தனிப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்று உண்டு. பெரிகிரின் வல்லூறும், சிவப்பு அலகும் சிவப்புக் காலுமாக இருக்கும் சஃப் என்கிற காக்கையும் அதில் இருக்கின்றன. கூட்டில் இருக்கும்போது தெரிந்தே அவற்றைத் தொந்தரவு செய்தாலே குற்றம். கில்லமாட் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் முட்டையை வேண்டுமென்று அழிப்பது குற்றம்தான், ஆனால் "இந்த ஆறு மாதம் இந்தச் சுவர் வேண்டாம்" என்பது பெரும்பாலும் பறவைச் சங்கங்களும் நிலத்துக்காரர்களும் பாறையேறிகளும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடு. போலீஸ் யாரும் கீழே படகில் காவல் நிற்பதில்லை. ஆனாலும் பெரும்பாலானவர்கள் மதிக்கிறார்கள்.

பறவை மட்டுமல்ல காரணம். சவுத் ஸ்டாக் பக்கத்துப் பாறைச் சரிவில் ஒரு மஞ்சள் பூச்செடி இருக்கிறது. உலகத்திலேயே அந்தக் கரையைத் தவிர வேறெங்கும் கிடையாது. நடந்து போகும்போது பாதையை விட்டுக் காலை வைக்க எனக்குப் பயமாகவே இருக்கும். தெற்கே பெம்புரோக் கடற்கரையில் காசில்மார்ட்டின் ராணுவப் பயிற்சி நிலம். அதன் மேற்குப் பகுதியில் ஏற வேண்டுமென்றால் வருடா வருடம் ராணுவம் நடத்துகிற விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்தாக வேண்டும். கிழக்குப் பகுதியில் சுடும் பயிற்சி நடக்கிற நாளில் சிவப்புக் கொடி பறக்கும், அப்போது உள்ளே போகக் கூடாது. அதோடு பறவைத் தடையும் தனியாக உண்டு. இந்த மாதிரிச் சிக்கலான இடத்துக்கு ராட் இல்லாமல் கிளம்புவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

எல்லை எழுதுகிற விதம் புதியவர்களுக்குப் புரியாது. "இந்த ஏறுவழிக்கும் அந்த ஏறுவழிக்கும் நடுவில்" என்று இருக்கும். அந்த ஏறுவழிகளே எவை என்று தெரியாதவர் என்ன செய்வார்? முதல் வருடம் எனக்கு ஒவ்வொரு தடவையும் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. சுவரின் படத்தில் கோடு போட்டுக் காட்டினால் அந்தக் குழப்பமே இருக்காது. தப்பு செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத் தெரியாமல் செய்கிறவர்கள்தான், அவர்களுக்குத்தான் இது முதலில் புரிய வேண்டும்.

இரண்டாவது, சுவரின் அடியில் போன் சிக்னல் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. கிளம்பும் முன் வீட்டிலேயே பார்த்து, எழுதியோ படம் எடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். நான் முந்தின நாள் இரவே பார்த்துவிடுவேன், நைட் ஷிஃப்ட் இருந்தால் இடைவேளையில்.

மூன்றாவது, இது பாறையேறிகளுக்கானது. அதே சுவருக்குக் கீழே சின்னப் படகில் துடுப்புப் போட்டு வருகிறவர், மேலே டிரோன் விடுகிறவர் இதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். பறவைக்கு யார் பயமுறுத்தினாலும் பயம் ஒன்றுதான். இதைச் செயலியின் குறை என்று முழுசாகச் சொல்ல முடியாது, ஆனாலும் மனதை உறுத்துகிறது. அப்புறம் ஸ்காட்லாந்து இதில் வராது, அங்கே தனிச் சங்கம் இருக்கிறது.

இதையெல்லாம் கழித்த பிறகும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் அந்த எல்லைப் படத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்போது ஊர்க் கதை. மார்க்கெட் போய் வந்த மறுநாள் தம்பியும் நானும் பைக்கில் ஒரு குன்றுக்குப் போனோம். எங்கள் வட்டாரத்தில் பாறைக் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. திருமயம் கோட்டை ஒரு பாறை மேல்தான் நிற்கிறது, குன்றக்குடி, நார்த்தாமலை, பிரான்மலை என்று நாலு பக்கமும் உண்டு. நாங்கள் போனது இவற்றில் எதுவும் இல்லை, பெயர் வேண்டாம். அடிவாரத்தில் துருப்பிடித்த ஒரு போர்டு: "அத்துமீறி ஏறுபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்." யார் வைத்தது என்கிற வரி அழிந்து போயிருந்தது. எப்போதிலிருந்து, எதுவரை, எதற்காக, எந்தப் பக்கம், ஒன்றும் இல்லை. அதற்கு நேர் பின்னாலேயே பீர் பாட்டில்கள் கிடந்தன. பாறையில் பெயிண்டில் காதலர் பெயர்கள். மேலே ஒரு வெடிப்பில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்ததைத் தம்பிதான் காட்டினான். ஏதோ பெரிய பறவை வழக்கமாக உட்காருகிற இடம். கழுகா, வல்லூறா, ஆந்தையா, முட்டை வைக்கிற மாதம் எது, எனக்குத் தெரியவில்லை. போர்டு வைத்தவர்கள் மனதில் அந்தப் பறவை இருந்ததா என்றும் தெரியவில்லை. நாங்கள் ஏறவில்லை. ஆனால் தம்பி கேட்டான், "இப்ப ஏறக் கூடாதுன்னா எப்ப ஏறலாம்?" அந்தக் கேள்விக்கு அந்தப் போர்டில் பதில் இல்லை. எப்போதும் கூடாது என்று சொல்கிற போர்டுக்குப் பின்னால்தான் பாட்டில்கள் கிடக்கின்றன. எனக்குக் கோபம் வந்தது என்றால் அதற்காகத்தான்.

நம் பக்கத்துக் கடற்கரையில் ஏறுவதற்குப் பாறையே கிடையாது. தொண்டி, மீமிசல், மணமேல்குடி என்று மணலும் சேறும், காரங்காட்டில் அலையாத்திக் காடும்தான். ஆனால் அந்தக் கடலுக்குள்ளும் எல்லை போட்ட இடம் இருக்கிறது. 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுக்களுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். அது மேய்கிற கடற்புல் படுகைகள் அங்கேதான். அதே வருடம் மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக் குன்றுகளைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கே வல்லூறுகள் இருக்கின்றன. கர்நாடகத்தில் ராமநகரப் பாறைகளில் ஒரு பகுதி 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம். பெங்களூர்ப் பாறையேறிகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆக, பாறையும் பறவையும் ஏற ஆசைப்படுகிற பிள்ளைகளும் இங்கேயும் சேர்ந்தே இருக்கிறார்கள். ராட் மாதிரி, எந்தக் குன்றில் எந்த மாதம் எந்தப் பக்கம் வேண்டாம் என்று தமிழில் ஒரு பட்டியல் மட்டும் இல்லை.

புதன்கிழமை கொள்ளுகுடிப்பட்டியில் இருக்கிற மாமா வந்திருந்தார், அம்மாவின் அண்ணன். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் கண்மாய்க்கரை ஊர் அது. 1977ல் சரணாலயம் ஆனது, ஆனால் பறவைகளுக்காக அடங்கியிருக்கிற பழக்கம் அந்த ஊர்க்காரர்களுடையது. தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் கிடையாது. சின்னப் பிள்ளையில் தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போகச் சொன்னால் நான் அழுவேன். அங்கே போனால் கம்பி மத்தாப்புதான், அதுவும் வாசலுக்குள். வனத்துறையிலிருந்து ஊருக்கு இனிப்பு கொடுப்பார்கள், அதை வாங்கிக்கொண்டு கண்மாய்க் கரையில் நத்தைகுத்தி நாரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

மாமாவிடமும் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேதியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தத் தேதிய யாரு சொல்றா?"

"அங்க ஏறுறவுகளும் பறவை பாக்குறவுகளும் சேந்து முடிவு பண்றாங்க மாமா."

"சரிதான். நம்மூர்ல நாரை வந்து மரத்துல குச்சி வைக்க ஆரம்பிச்சா யாரும் சொல்ல வேணாம், ஊருக்கே தெரியும். அங்க வெளியூர்க்காரவுக வந்து ஏறுறாக, அவுகளுக்குத் தெரியாது. எழுதித்தான் வைக்கணும்" என்றார்.

ராட் எதற்கு இருக்கிறது என்பதை மூன்று வருடமாக நான் இவ்வளவு தெளிவாக யோசித்ததில்லை. ஊரே காவலாக இருந்தால் பட்டியல் தேவையில்லை. வெளியூரிலிருந்து வருகிறவன் கையில் கயிறு இருந்தால் தேவை.

ஜூன் இரண்டாம் வாரம் கிளம்புகிறேன். அதனால் இந்தத் தடவை சீலா மீன் சாப்பிட வாய்ப்பில்லை, படகு போய்த் திரும்புவதற்குள் நான் வேல்ஸில் இருப்பேன். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைக்கு வார்டில் ஆஃப் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். சீனியர் கயிற்றைப் புதிதாக வாங்கி வைத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு இன்னொரு தடவை பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும்.